என் லோரிக்கு நானே மாட்டிய எக்சோஸ் பிரேக்

வண்டி இழுக்கும் தொழிலில் இருப்பவனைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது, “எவ்வளவு பாரம் இழுக்கும்?” என்றுதான். இழுத்துக்கொண்டு போகிறவன் நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்பானா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட சக லோரிக்கார நண்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பினாங்குப் பாலம் வந்த புதிதில், தீவில் ஜெலுத்தோங்கில் நான் ஓர் இழுவை லோரி வைத்திருந்தேன். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்து சேர்ந்த மூன்று டன் டீசல் லோரி. பின்னால் ஒரு கிரேன், ஒரு கொக்கி, தலையில் ஒரு மஞ்சள் சுழல் விளக்கு. பினாங்குத் தீவில் எங்கே வண்டி படுத்தாலும் போய்த் தூக்கிக்கொண்டு வருவேன். அந்த லோரிக்கு நானே என் கையால் ஒரு எக்சோஸ் பிரேக் மாட்டிய கதையைத்தான் சொல்லப் போகிறேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் கை பரபரக்கிறது.

இரண்டு வாசம்

ஊரையே தூக்கும் வாசமுள்ள டுரியான் பழத்தின் சீசன். பாலிக் புலாவில் டுரியான் வியாபாரம் செய்யும் மணியண்ணனின் வேன் கியர்பாக்ஸ் உடைந்து நின்றுவிட்டது. வேன் நிறையப் பழம். முன்சக்கரங்களைக் கொக்கியில் தூக்கிக் கட்டிக்கொண்டு, மணியண்ணனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மலை ஏறினேன். ஏறியது வரை ஒரு குறையும் இல்லை. பாயா தெருபோங் பக்கம் இறங்க ஆரம்பித்ததும்தான், பின்னால் இருந்த அந்தப் பாரம் முழுக்க என் முதுகில் கை வைத்துத் தள்ள ஆரம்பித்தது.

ஒவ்வொரு வளைவிலும் மிதித்தேன். ஆறாவது வளைவிலோ ஏழாவது வளைவிலோ, மிதி கல் மாதிரி இறுகிவிட்டது. லோரி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிரேக் கட்டை சூடேறிப் பிடிமானம் விட்டுப்போச்சு என்று தெரிந்தது. இரண்டாம் கியருக்கு இழுத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கடைசியில் இடது பக்கம் இருந்த மண் மேட்டில் லோரியைத் தேய்த்துத்தான் நிறுத்தினேன். எதிர்ப்பக்கம் பள்ளம். நான்கு சக்கரத்திலும் புகை.

மணியண்ணன் நிதானமாக இறங்கினார். வேனைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து பழங்களை எண்ணாத குறையாகப் பார்த்தார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: “என்னா தம்பி, உன் பிரேக்கு நாத்தத்துல என் டுரியான் வாசமே செத்துப்போச்சே லா!”

வீட்டில் இருந்த கியூசி

என் மனைவி புஷ்பாவுக்கு பாயான் லெப்பாசில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை. கியூசி. அதாவது மற்றவர்கள் செய்து முடித்த சாமானைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து, ‘பாஸ்’ அல்லது ‘ரிஜெக்ட்’ என்று முத்திரை குத்துகிற வேலை. பத்து வருடம் அதையே செய்ததில் அவள் கண் வீட்டிலும் ஓய்வதில்லை. நான் வாங்கி வரும் கத்தரிக்காயிலிருந்து என் சிரிப்பு வரைக்கும் சோதனைக்குத் தப்பியது எதுவும் கிடையாது.

அன்றைக்கு நான் ஒன்றும் நடக்காதது மாதிரிதான் வீட்டுக்குப் போனேன். அவள் என் சட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். வெளியே போய் லோரியின் இடது பக்கம் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் சுரண்டிப் பார்த்தாள். திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அது நிக்குமா, நிக்காதா?”

அந்த மலை இல்லாமல் எனக்குப் பிழைப்பு இல்லை. தீவின் பாதி வண்டிகள் அங்கேதான் படுக்கும். அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் பேசினாள். லோரி நிற்கும் என்று அவள் கண்ணால் பார்த்து பாஸ் போடுகிற வரைக்கும் நான் மலைக்குப் போகக் கூடாது. டுரியான் சீசன் முடிவதற்குள் பாஸ் ஆகாவிட்டால் லோரியை விற்றுவிட்டு, மாக் மண்டினில் அவள் அண்ணன் வேலை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட வேண்டும். “மெஷின் முன்னால நின்னுகிட்டே வேல. நீங்க நிக்கிறத நெனச்சு நான் பயப்பட வேணாம்ல?”

தௌகேயின் கன்னம்

மறுநாளே மாக் மண்டினுக்குத்தான் போனேன், வேலை கேட்டு இல்லை. அங்கே ஒரு பொத்தோங் கடை உண்டு. ஜப்பானிலிருந்து வரும் பழைய வண்டிகளை வெட்டிக் கூறு போட்டு விற்கிற இடம். முதலாளி ஒரு சீனர், நாங்கள் தௌகே என்போம். இறக்கத்தில் லோரியைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும் என்றதும், இரும்புக் குவியலுக்குள் இறங்கி, கால் மணி நேரம் கழித்து, கரி படிந்த ஒரு குட்டைக் குழாயோடு வெளியே வந்தார். குழாய்க்குள் வட்டமாக ஒரு தகடு. வெளியே ஒரு கை. கையை அசைத்தால் தகடு திரும்பிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

“இது எப்படி லோரியை நிறுத்தும்?” என்று நான் மலாயில் கேட்டேன். தௌகே வாயால் விளக்குகிற ஆள் இல்லை. ஒரு துணியால் குழாயின் வாயைத் துடைத்து, தன் வாயில் வைத்து ஊதினார். காற்று சர்ரென்று மறுபக்கம் போனது. பிறகு தகட்டை மூடினார். மறுபடியும் ஊதினார். கன்னம் இரண்டும் பந்து மாதிரி உப்பின, கண் பிதுங்கியது, முகம் சிவந்தது. காற்று போக வழியில்லை. எக்சோஸ் பிரேக் என்பது இதுதான்: இஞ்சின் விடும் புகையை வெளியே விடாமல் அடைத்தால் இஞ்சினுக்கும் இதே கதிதான். மூச்சு முட்டும், சுற்ற முடியாமல் தவிக்கும், அதோடு சக்கரத்தையும் பிடித்து இழுக்கும். காலால் பிரேக்கைத் தொடவே வேண்டாம், கட்டை சூடாகவே ஆகாது. எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது.

தௌகே வாயிலிருந்து குழாயை எடுத்து, மூச்சு வாங்கி, மீசையில் ஒட்டிய கரியோடு மலாயில் சொன்னார்: “இஞ்சினுக்கு வாய் இல்லை, நான் சொல்கிறேன்: ரொம்ப நேரம் மூடாதே!”

குராச்சி, சுயிச்சி

குழாயோடு ஒரு பழைய புத்தகமும் வந்தது. பொருத்துவது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எல்லாம் ஜப்பான் எழுத்து. படத்தில் வயர்கள் நாலைந்து இடத்துக்கு ஓடின. எது எங்கே போகிறது என்று நான் தலைகீழாக வைத்துப் பார்த்தும் விளங்கவில்லை.

அந்த வாரம் இராசதுரை ஐயாவின் கார் கர்னி டிரைவ் பக்கம் சூடாகி நின்றது. யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு அரசாங்க அலுவலகத்தில் தலைமை கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய இங்கிலீஷ் கார், அதைவிடப் பழைய ஒழுங்கு. என் லோரியில் ஏறி உட்கார்ந்தவர், டேஷ்போர்டில் கிடந்த புத்தகத்தைப் பார்த்து, “உது என்ன தம்பி? கொண்டாரும் பாப்பம்” என்றார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். “கு… ரா… ச்சி. குராச்சி.” கொஞ்சம் யோசித்தார். “அட, கிளட்ச்! அ… கு… செ… ரு. அக்சலேட்டர். சுயிச்சி. சுவிட்ச் காணும், சுவிட்ச்!” எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிளட்ச் மிதியில் ஒரு சுவிட்ச், எண்ணெய் மிதியில் ஒரு சுவிட்ச். இரண்டிலும் கால் இல்லாதபோதுதான் தகடு மூட வேண்டும். இல்லாவிட்டால் நிற்கிற இடத்தில் இஞ்சின் மூச்சடைத்துச் செத்துவிடும். நான் நினைத்திருந்தது மாதிரி வெறும் ஒரு சுவிட்சைப் போட்டிருந்தால் கதை கந்தல்தான்.

எங்கே ஐயா ஜப்பான் எழுத்துப் படித்தீர்கள் என்று கேட்டேன். ஜப்பான்காரன் இங்கே ஆண்ட காலத்தில் பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். தப்பாக வாசித்தால் கன்னத்தில் அறையாம். புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். குரல் லேசாக உடைந்திருந்தது: “அடிக்குப் பயந்து படிச்ச எழுத்து தம்பி. நாப்பது வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் ஒருத்தனுக்குப் பிரயோசனப்பட்டிருக்கு.”

துறைமுகம் வீட்டுக்கு வந்தது

இரண்டு ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு முன்னால் இருந்த புளியமரத்தடிதான் என் பட்டறை. லோரியின் கேபினைத் தூக்கி நிறுத்தி, புகைக்குழாயை எங்கே அறுப்பது என்று சாக்கட்டியால் கோடு போட்டேன். அறுப்பதற்கு முன் மூன்று தடவை அளந்து பார்த்தேன். நன்றாக இருக்கிற குழாயை அறுத்த பிறகு, ‘தப்பு, மறுபடி ஒட்டு’ என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வைக்க வேண்டிய இரும்பு வளையங்களை மட்டும் ஒரு வெல்டிங் கடையில் பற்றவைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் நான்தான். துருப்பிடித்த போல்ட் ஒன்று ஒரு முழுக் காலைப் பொழுதைத் தின்றது. இன்னொன்று கழுத்தோடு முறிந்தது.

முதல் ஞாயிறு மத்தியானம் வெயில் சுட்டது. லோரியைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்தலாம் என்று கேபினை இறக்கிச் சாவியைத் திருப்பினேன். புகைக்குழாய் பாதியில் அறுபட்டுக் கிடப்பதை மறந்தே போனேன். சைலன்சர் இல்லாத டீசல் இஞ்சின் எப்படிக் கத்தும் என்று கேட்டிருக்கிறீர்களா? புளியமரத்துக் காகமெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. வரிசை வீடுகளில் ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. நான் பதறிப்போய் சாவியைத் திருப்புவதற்குள் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் கைலியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்துவிட்டார். பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவர். மத்தியானத் தூக்கம் அவருக்கு உயிர். என்னைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்: “முப்பது வருசம் கப்பல் சத்தத்துல வேல செஞ்சிட்டு நிம்மதியா தூங்கலாம்னு வந்தேன்… இப்ப கப்பலே வீட்டுக்கு வந்திருச்சேடா!”

கெரமாட் ரோட்டில் மூன்று முறை

இஞ்சினில் காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் எடுத்து, பால் டப்பா அளவில் இருக்கும் ஓர் உருளைக்குக் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டால் உருளை ஒரு கம்பியை உள்ளே இழுக்கும். கம்பி தகட்டின் கையை இழுத்து மூடும். கம்பி இரண்டு விரல் அகலம் உள்ளே போனால் தகடு முழுக்க மூடிவிட்டது என்று அர்த்தம். வயர்களை ஒட்டியது புஷ்பா. அவள் ஃபேக்டரியிலிருந்து கற்றுக்கொண்ட கை. ஈயப் பொட்டு ஒவ்வொன்றும் வெள்ளி மூக்குத்தி மாதிரி மின்னியது. “இது என் வேலை. இதுல ரிஜெக்ட் வராது,” என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

ரிஜெக்ட் அவள் வேலையில் வரவில்லை. என் வேலையில் வந்தது. கிளட்ச் சுவிட்சை நான் தலைகீழாக மாட்டிவிட்டேன். மாலையில் பிரேக் சுவிட்சைப் போட்டுவிட்டு, குஷியாக டத்தோ கெரமாட் ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சிவப்பு விளக்கு. கிளட்சை மிதித்து நின்றேன். லோரி ‘உக்’ என்று ஒரு விக்கல் விட்டு அணைந்துபோனது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். அடுத்த விளக்கிலும் விக்கல். மூன்றாவது விளக்கில் அணைந்தபோது பின்னால் பஸ், அதற்குப் பின்னால் கார்கள், எல்லாம் ஹார்ன். தலைக்கு மேல் என் மஞ்சள் விளக்கு வேறு பெருமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து நின்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர், தன் மூன்று சக்கர வண்டியிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்து, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “இழுக்குற லோரியே படுத்திருச்சுன்னா அத யாருண்ணே வந்து இழுப்பா? நான் வேணா கயிறு கட்டட்டுமா?”

மூச்சைப் பிடித்தது

சுவிட்சைத் திருப்பி மாட்டினேன். மறுநாள் காலையில் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்குப் போகும் ரோட்டில் ஏறினேன். செங்குத்து ரோடு, ஆள் நடமாட்டம் இல்லை. உச்சியில் திருப்பி, மூன்றாம் கியரில் இறங்க விட்டேன். காலை எல்லா மிதியிலிருந்தும் எடுத்துவிட்டு, சுவிட்சைத் தட்டினேன்.

‘உஸ்ஸ்ஸ்’ என்று கேபினுக்கு அடியில் ஒரு சத்தம். அவ்வளவுதான், யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்த மாதிரி லோரி தயங்கியது. முள் நாற்பதிலிருந்து முப்பத்தைந்துக்கு வந்தது, முப்பதுக்கு வந்தது, இருபத்தைந்தில் நின்று அசையாமல் இருந்தது. என் கால் பிரேக்கைத் தொடவில்லை! தொடவே இல்லை! நான் தனியாக உட்கார்ந்து கத்தினேன். மலை அடிவாரம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். திரும்ப ஏறினேன், திரும்ப இறங்கினேன். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் இறங்கி, கம்பி இரண்டு விரல் அகலம் உள்ளே போகிறதா என்று பார்த்தேன். போனது. நானே அறுத்து, நானே மாட்டியது! கல்யாணத்தன்றைக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனா தெரியாது. புஷ்பா இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் மூச்சிரைக்கச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “செஞ்சவனே பாஸ் போட்டா அதுக்குப் பேரு டெஸ்ட் இல்லீங்க. நான் கூட வர்றேன். மூணு கோர்னர். மூணுலயும் நிக்கணும்.”

யார் நட்சத்திரம்?

சோதனைக்கு முன்னால் பூசை போட்டாக வேண்டும் என்றாள். லோரிக்குப் புதிதாக ஒரு ஸ்பேர் டயர் வந்தால்கூடப் பொட்டு வைக்கிற வீடு எங்களுடையது; பிரேக் வந்தால் சும்மா விடுவோமா? வெள்ளிக்கிழமை காலை அவள் லீவு போட்டாள். தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் லோரியை நிறுத்தினோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், கொக்கிக்குக் கூட மாலை. “எதுதான் அந்த பிரேக்கு?” என்று கேட்டாள். குனிந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் உருளையையும் கம்பியையும் பெருமையாகக் காட்டினேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைத் தேங்காய் உடைக்க அனுப்பிவிட்டாள்.

அர்ச்சனைத் தட்டோடு வந்த குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். “பிரேக்குக்குத்தான் சாமி,” என்றேன், சந்தோஷத்தில் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. லோரியை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், புஷ்பாவின் முகத்தையும் பார்த்தார். “பிரேக்குக்கு நட்சத்திரம் கெடையாது தம்பி. நீ வீட்டுக்குத் திரும்பி வரணும்னு இந்தப் பொண்ணு நிக்குது பாரு, ஒன் நட்சத்திரத்தச் சொல்லு.”

மூன்று கோர்னர்

பூசை முடிந்து வீட்டு வாசலில் இறங்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. மணியண்ணன். அதே வேன், அதே பாலிக் புலாவ். இந்தத் தடவை கிளட்ச். நான் புஷ்பாவைப் பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றாமல் திரும்ப லோரியில் ஏறிவிட்டாள்.

போகும்போது பாரம் இல்லாததால் சுவிட்சைத் தொடவே இல்லை. திரும்பும்போது வேன் நிறைய டுரியான். புஷ்பா நடுவில், மணியண்ணன் கதவோரம். மலை உச்சியைத் தாண்டி, மூன்றாம் கியரில் இறங்க விட்டு, சுவிட்சைத் தட்டினேன். ‘உஸ்’ சத்தம் வந்தது. ஆனால் காலரை யாரும் பிடிக்கவில்லை. முள் நாற்பதில் இருந்து நாற்பத்தைந்துக்குப் போனது. மறுபடி தட்டினேன். சத்தம் மட்டும்தான். வேறு வழியில்லாமல் கால் பிரேக்கை மிதித்து, இரண்டாம் கியருக்கு இழுத்து, முதல் வளைவுக்கு முன்னால் ரோடு அகலமாக இருந்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். கட்டை இன்னும் சூடாகவில்லை, அதனால் நின்றது. இன்னும் நாலு வளைவு போயிருந்தால்?

புஷ்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு, மிக மெதுவாக, “ரிஜெக்ட்,” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் லோரிக்கு அடியில் நுழைந்தேன். ரப்பர் குழாய் சரி. வயர் சரி. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மணியண்ணனிடம் சுவிட்சை மட்டும் தட்டச் சொல்லிவிட்டு, கம்பியையே பார்த்தேன். கம்பி உள்ளே போகக் கிளம்பியது. பாதியில் முட்டி நின்றது. கம்பியில் பத்துச் சுற்று மஞ்சள் கயிறு. நடுவில் கட்டை விரல் பருமனில் ஒரு விரலி மஞ்சள், அழகாக முடிச்சுப் போட்டு, குங்குமம் வைத்து. அந்த மஞ்சள்தான் உருளையின் வாயில் போய் முட்டிக்கொண்டு, தகட்டைப் பாதி வரைக்கும் மட்டுமே மூடவிட்டது. ஐந்து தடவை நான் சோதித்து பாஸ் ஆன கம்பியில், நான் தேங்காய் உடைக்கப் போன நேரத்தில் கட்டப்பட்ட மஞ்சள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். வயர் கழன்றிருந்தது என்று ஒரு பொய். ஆனால் வயர் அவள் ஒட்டியது. அந்தப் பொய்யும் அவள் தலையில்தான் விழும். கத்தியால் கயிற்றை அறுத்தேன். வெளியே வந்து, உள்ளங்கையில் மஞ்சளை வைத்து நீட்டினேன். புஷ்பா அதைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. மஞ்சளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

“வேணாம்னா நீங்க ரெண்டு பேரும் இறங்கிடுங்க, நான் மட்டும் போறேன்,” என்றேன். மணியண்ணன் கதவைத் திறக்கப் போனார். புஷ்பா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மூன்றாம் கியர். சுவிட்ச். ‘உஸ்ஸ்ஸ்ஸ்!’ லோரி மூச்சைப் பிடித்தது. பின்னால் வேனும் டுரியானும் தள்ளிப் பார்த்தன. முள் முப்பதுக்கு இறங்கி அங்கேயே குந்திக்கொண்டது. நான் இரண்டு காலையும் தூக்கி அவளுக்குக் காட்டினேன். “ஒண்ணு,” என்றாள் முதல் வளைவில். டேஷ்போர்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். “ரெண்டு.” மணியண்ணன் ஜன்னலில் தலையை நீட்டி, “நாத்தமே இல்லடா! டுரியான்தான் மணக்குது!” என்று கூவினார். “மூணு” சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று என்று ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டே வந்தாள்; பாயா தெருபோங் கடைகள் கண்ணுக்குத் தெரியும் வரைக்கும் எண்ணினாள்.

அடிவாரத்தில் நிறுத்தினேன். அவள் இறங்கிப்போய், நான்கு சக்கரங்களுக்கும் பக்கத்தில் குனிந்து, உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்த்தாள். அன்றைக்குப் புகை வந்த அதே சக்கரத்தில், கையை எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. “பாஸ்,” என்றாள். பிறகு சொன்னாள்: “பாஸான சாமான்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு லைன்ல பத்து வருசமா எல்லாரையும் திட்டுறவ நான். ஒங்கள நெனச்ச பயத்துல நானே கை வச்சிட்டேங்க.”

அதற்குப் பிறகு பல வருடம் அந்த லோரி ஓடியது. அந்த விரலி மஞ்சளும் கூடவே ஓடியது, எந்தக் கம்பியும் உள்ளே போகாத, கியூசி பார்த்து முடிவு செய்த இடத்தில், முன் கண்ணாடியின் நடுவில்.